செல் சவ்வு எப்படி வளைகிறது?

பள்ளிப் பாடப்புத்தகத்தில் செல் சவ்வின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு வரிசை உருண்டைத் தலைகள், கீழே ஒரு வரிசை, நடுவில் இரண்டிரண்டாக வால்கள், எல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். படத்தில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் அதையே பார்த்துப் பழகியவர்கள் மனதில் சவ்வு என்றால் தட்டையான சுவர் என்று பதிந்துபோகிறது. உயிருள்ள செல்லில் தட்டையான சவ்வைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெளிச்சவ்வு ஓயாமல் உள்பக்கம் குழிந்து சின்னச் சின்னப் பைகளாகக் கிள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறது, உள்ளே எண்டோபிளாச வலை குழாய் குழாயாகக் கிளைத்து ஓடுகிறது, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு மடிப்பு மடிப்பாக நிற்கிறது, செல் இரண்டாகப் பிரியும்போது இடுப்பு ஒடுங்கி அறுந்துபோகிறது. இவ்வளவும் செய்வது 4 முதல் 5 நானோமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள ஒரு படலம்.

இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். சவ்வுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது, அந்த இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அது தட்டையாக இருக்கும், ஏதோ ஒரு வகையில் சமமில்லாமல் போனால் வளையும். பெயர் பெயராக வரும் புரதங்கள் எல்லாம் இந்தச் சமமின்மையை உண்டாக்குகிற, அல்லது உண்டானதைக் கலையாமல் பிடித்து வைக்கிற வழிகள்.

முதலில் சவ்வு எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். பாஸ்போலிப்பிட் என்ற மூலக்கூறுக்கு நீரை விரும்பும் ஒரு தலையும், நீரைக் கண்டால் ஒதுங்கும் இரண்டு கொழுப்பு வால்களும் உண்டு. இவற்றைத் தண்ணீரில் விட்டால் வால்கள் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ள, தலைகள் இரண்டு புறமும் நீரைப் பார்த்து நிற்கும். இரட்டை அடுக்கு தானாகவே உருவாகிவிடும். 1925-ல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். செல்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது, ஆக அடுக்கு இரண்டு. இதில் ஒரு வேடிக்கை: அவர்கள் கொழுப்பை முழுசாக எடுக்கவில்லை, செல்லின் பரப்பையும் குறைவாகக் கணக்கிட்டார்கள், இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டி விடை சரியாக வந்துவிட்டது. அறிவியலில் அதிர்ஷ்டத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்கத்தான் செய்கிறது.

இந்த அடுக்குகள் கெட்டியானவை அல்ல, திரவம் மாதிரி. ஒரு லிப்பிட் தன் அடுக்குக்குள்ளேயே பக்கவாட்டில் நழுவி, ஒரு பாக்டீரியாவின் நீளத்தைச் சுமார் ஒரு நொடியில் கடந்துவிடும். ஆனால் அதே லிப்பிட் குட்டிக்கரணம் போட்டு எதிர் அடுக்குக்குப் போவது மிக அரிது. நீரை விரும்பும் தலை கொழுப்பு நிறைந்த நடுப்பகுதியைத் தாண்ட வேண்டுமே, அதற்கு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகும் எல்லாமே இதை நம்பித்தான் இருக்கிறது. பக்கவாட்டில் சுதந்திரம், குறுக்கே தடை. அதனால் உள் அடுக்கில் எத்தனை மூலக்கூறு, வெளி அடுக்கில் எத்தனை என்ற கணக்கு தனித்தனியாகவே நிற்கிறது.

அடுத்தது, சவ்வை இழுப்பதும் வளைப்பதும் ஒன்றல்ல. இழுத்தால் லிப்பிட்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், இடைவெளியில் நீர் புகுந்து வால்களைத் தொடும், இது அவற்றுக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. பரப்பு 3 முதல் 5 சதவீதம் கூடுவதற்குள் சவ்வு கிழிந்துவிடும். வளைப்பது அந்த அளவுக்குக் கடினம் இல்லை, ஏனென்றால் வளையும்போது ஒரு அடுக்கு சற்று விரிகிறது, மற்றது சற்று நெருங்குகிறது, மொத்தப் பரப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

சிவப்பணுவை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று விளங்கும். சுமார் 8 மைக்ரோமீட்டர் விட்டம், நடுவில் இருபுறமும் குழிந்த வட்டம். அதன் கனஅளவு ஏறத்தாழ 90 கன மைக்ரோமீட்டர், மேற்பரப்பு ஏறத்தாழ 135 சதுர மைக்ரோமீட்டர். அதே கனஅளவை ஒரு முழுக் கோளத்தில் அடைக்க 97 சதுர மைக்ரோமீட்டர் போதும். அதாவது உள்ளிருக்கும் சரக்குக்குத் தேவையானதைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல் சவ்வு அதனிடம் இருக்கிறது. இழுபடாத ஒரு தோலுக்குள் இருக்கும் செல், தன்னைவிடக் குறுகலான இரத்தத் தந்துகிகளிலும் மண்ணீரலில் இருக்கும் ஒரு மைக்ரோமீட்டர் அளவு இடுக்குகளிலும் நுழைந்து வெளியே வருவது இந்த உபரியால்தான். தோல் நீளவில்லை, மடங்கி வழிவிடுகிறது, அவ்வளவே. பரம்பரைக் கோளச் சிவப்பணு நோய் என்று ஒன்று உண்டு. சவ்வுக்கு அடியில் வலை போலத் தாங்கும் ஸ்பெக்ட்ரின், ஆங்கிரின் மாதிரிப் புரதங்களில் ஏற்படும் குறையால் செல் கொஞ்சம் கொஞ்சமாகச் சவ்வை இழந்து உருண்டையாகிவிடும். உபரி போனதும் வளையவும் முடியாது, மண்ணீரல் இடுக்கில் மாட்டி அழிந்துபோகும், நோயாளிக்கு இரத்தசோகை வரும். இதே காரணத்தால்தான் சாதாரணச் சிவப்பணுவை வெறும் நீரில் போட்டால் நீரை உறிஞ்சி முதலில் கோளமாகிறது, அதற்கு மேல் இடம் கொடுக்க முடியாமல் வெடிக்கிறது.

அந்த இருபுறக் குழி வடிவத்துக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. இந்தப் பரப்பும் இந்தக் கனஅளவும் கொடுத்தால், வளைக்கும் ஆற்றல் மிகக் குறைவாக வரக்கூடிய வடிவம் எது என்று 1970-ல் கேன்ஹாம் கணக்குப் போட்டார். சிவப்பணுவின் வடிவம்தான் வந்தது. 1973-ல் ஹெல்ஃப்ரிச் இந்தக் கணக்கைப் பொதுமைப்படுத்தி எழுதினார், இன்றைக்கும் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது, சமன்பாடு இல்லாமலே சொல்லிவிடலாம். சவ்வின் ஒரு சின்னத் துண்டை வளைக்க ஆகும் ஆற்றல், வளைவின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். ஒரு கோளத்தின் ஆரத்தைப் பாதியாக்கினால் வளைவு இரண்டு மடங்கு, ஒவ்வொரு துண்டுக்கும் செலவு நான்கு மடங்கு. ஆனால் கோளத்தின் பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிடுகிறதே! இரண்டும் கழிந்துபோகின்றன. ஆக, தட்டையான சவ்விலிருந்து 50 நானோமீட்டர் பை செய்தாலும் 500 நானோமீட்டர் பை செய்தாலும் வளைப்பதற்கான மொத்தச் செலவு ஒன்றுதான். சுற்றியுள்ள மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டத்தில் இருக்கும் ஆற்றலை ஒரு அலகு என்று வைத்துக்கொண்டால், ஒரு சாதாரண இரட்டை அடுக்கின் வளைவு விறைப்பு சுமார் 20 அலகு, ஒரு முழுக் கோளம் செய்யச் சுமார் 500 அலகு ஆகும். செல்லுக்கு எரிபொருள் மாதிரி இருக்கும் ஏடிபி மூலக்கூறு ஒன்று உடைந்தால் ஏறக்குறைய 20 அலகு கிடைக்கும், அப்படியானால் இருபத்தைந்து ஏடிபி. செல்லுக்கு இது பெரிய செலவே இல்லை. ஆனால் வெப்ப ஆட்டம் மட்டும் இதைத் தற்செயலாகச் செய்துவிட முடியாது, யாராவது கைகொடுத்தே ஆக வேண்டும். 20 அலகு விறைப்பு என்பது சவ்வு மெல்ல நெளியப் போதுமான அளவு மென்மை (நுண்ணோக்கியில் சிவப்பணுவின் ஓரம் லேசாகப் படபடப்பதைக் காண முடியும், அது வெப்ப ஆட்டம் காட்டும் வேலைதான் பெரும்பாலும்), அதே சமயம் கேட்காமலே பையாகச் சுருண்டுவிடாத அளவு விறைப்பு. செல்லுக்கு இதைவிட வசதியான அளவு கிடைத்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மொத்தச் செலவு ஒன்று என்றாலும் சின்னப் பையில் அது கொஞ்சம் மூலக்கூறுகளின் தலையில் விடிகிறது. 10 மைக்ரோமீட்டர் குறுக்களவு உள்ள ஒரு செல்லில் வெளி அடுக்கின் பரப்பு உள் அடுக்கின் பரப்பைவிட 0.2 சதவீதம்கூட அதிகமில்லை; அந்தச் செல்லைப் பொறுத்தவரை தான் வளைந்திருப்பதே சவ்வுக்குத் தெரியாது. 50 நானோமீட்டர் குறுக்களவு உள்ள நுண்பையில், தடிமன் 4 நானோமீட்டர் என்று வைத்தால், வெளிப்பரப்பு உட்பரப்பைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். அந்த 40 சதவீதத்தை யார், எப்படி நிரப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எளிய விடை லிப்பிட்களின் வடிவம். எல்லா லிப்பிட்களும் ஒரே உருவம் இல்லை. பாஸ்பாடிடில்கோலினின் தலையும் வால்களும் கிட்டத்தட்ட ஒரே அகலம், உருளை மாதிரி அடுக்கலாம், தட்டையாக நிற்கும். பாஸ்பாடிடில்எத்தனாலமினுக்குத் தலை சின்னது, வால் பக்கம் அகலம், இது கூம்பு. ஒரு வாலை வெட்டிவிட்டால் கிடைக்கும் லைசோலிப்பிட் இதற்கு நேர் எதிர், தலை பெரிது, வால் பக்கம் ஒடுக்கம். ஒரு அடுக்கில் மட்டும் லைசோலிப்பிட் கூடினால் அந்தப் பக்கம் தலைகள் இடம் கேட்டு விரிய, சவ்வு அந்தப் பக்கம் புடைக்கும். சிவப்பணுவின் வெளிப்புறத்தில் லைசோலிப்பிட் சேர்த்தால் வழுவழுப்பான அந்த வட்டம் முழுக்க முள்முள்ளாக ஆகிவிடும், அளவு மீறினால் உடைந்தே போகும். பாம்பு விஷங்கள் பலவற்றில் பாஸ்போலிப்பேஸ் என்ற நொதி இருக்கிறது, அது செய்வது இந்த வாலை வெட்டும் வேலையைத்தான்.

1974-ல் ஷீட்ஸும் சிங்கரும் இதை அழகாக ஒரே கருத்தில் கட்டினார்கள். சில மருந்துகள் சிவப்பணுவை முள்முள்ளாக்கும், குளோர்புரோமசின் போன்ற வேறு சில கிண்ணம் போலக் குழிய வைக்கும், ஏன்? வெளி அடுக்கில் நுழைந்து தங்கும் மருந்து வெளிப்பரப்பைக் கூட்டுகிறது, வெளியே முள் கிளம்புகிறது. உள் அடுக்கில் போய்ச் சேரும் மருந்து உட்பரப்பைக் கூட்டுகிறது, செல் உள்பக்கம் மடிகிறது. இரண்டு அடுக்கும் ஒட்டியே இருக்க வேண்டும், ஆனால் ஒன்று மட்டும் பெரிதாகிவிட்டது, வளைவதைத் தவிர வேறு வழியில்லை. செல்லே இந்த வித்தையைச் செய்கிறது: ஃபிளிப்பேஸ் என்ற புரதங்கள் ஏடிபியைச் செலவழித்துக் குறிப்பிட்ட லிப்பிட்களை ஒரு அடுக்கிலிருந்து மற்றதற்குத் தூக்கி வைக்கின்றன. மறுபக்கம் கொலஸ்டிரால் இருக்கிறது. அது மட்டும் எளிதாகக் குட்டிக்கரணம் போடும் ஆள், ஒரு பக்கம் நெருக்கடி வந்தால் மறுபக்கம் போய் அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

ஆனால் லிப்பிட்களை மட்டும் நம்பி ஒரு 50 நானோமீட்டர் பையைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் செய்துவிட முடியாது. திரவமாக ஓடுகிறவை ஒரே இடத்தில் கூடி நிற்பதில்லை. அங்கேதான் புரதங்கள் வருகின்றன.

செல் வெளியிலிருந்து ஒன்றை உள்ளே எடுப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சவ்வின் உள்முகத்தில் ஒரு குறிப்பிட்ட லிப்பிட்டையும், உள்ளே வர வேண்டிய ஏற்பிகளின் (வெளியே இருக்கும் சரக்கைப் பிடிக்கும் சவ்வுப் புரதங்கள்) வாலையும் பிடித்துக்கொண்டு ஏபி2 என்ற இணைப்புப் புரதம் அமர்கிறது. அதன் மேல் கிளாத்ரின் வந்து சேர்கிறது. கிளாத்ரினைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தவர் பார்பரா பியர்ஸ், 1970-களின் நடுவில். ஒவ்வொரு கிளாத்ரினும் மூன்று கால் விரிந்த உருவம், கால்கள் ஒன்றோடொன்று பின்னி அறுகோணமும் ஐங்கோணமுமாகக் கூடை கட்டும். கால்பந்தின் தையலைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்: அறுகோணங்களை மட்டும் வைத்து எவ்வளவு தைத்தாலும் தட்டையாகத்தான் போகும், மூடிய உருண்டை ஆக வேண்டுமென்றால் சரியாக 12 ஐங்கோணங்கள் வேண்டும். கிளாத்ரின் கூடை சிறிதோ பெரிதோ, ஐங்கோணங்கள் 12, கூடக் குறைய வருவது அறுகோணங்கள்தான்.

கூடை கட்டும்போதே சவ்வு வளைகிறதா, அல்லது முதலில் தட்டையாகப் பரவிவிட்டு அப்புறம் வளைகிறதா என்பது நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஓடும் சண்டை. இரண்டு பக்கமும் நல்ல படங்கள் இருக்கின்றன. ஒரே செல்லில் இரண்டுமே நடக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன்; சவ்வு தளர்வாக இருக்கும் இடத்தில் ஒன்று, இறுக்கமாக இழுபட்டிருக்கும் இடத்தில் மற்றொன்று.

கிளாத்ரின் தனியாக இதைச் செய்வதில்லை என்பது மட்டும் நிச்சயம். எப்சின் என்ற புரதத்துக்கு ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் கொழுப்பையும் விரும்பும் ஒரு சின்னச் சுருள் உண்டு. அதை உள் அடுக்கின் தலைகளுக்கு நடுவே ஆப்பு போலச் செருகிவிடும், அந்த அடுக்கு விரியும், சவ்வு செல்லின் உள்பக்கமாகப் புடைக்கும். பார் என்று அழைக்கப்படும் புரதப் பகுதிகள் வேறு மாதிரி. அவை பிறை வடிவில் வளைந்த விறைப்பான துண்டுகள், உட்குழிந்த பக்கம் நேர்மின்னேற்றம் அதிகம். சவ்வின் உள்முகத்தில் எதிர்மின்னேற்ற லிப்பிட்கள் நிறைய இருப்பதால் ஒட்டிக்கொள்ளும், சவ்வைத் தன் வளைவுக்கு இழுத்துவரும். பழ ஈயின் ஆம்ஃபிஃபைசினில் இந்தப் பகுதியின் வடிவம் 2004-ல் வெளியானபோது, பார்த்த மாத்திரத்தில் அதன் வேலை என்னவென்று சொல்லிவிடலாம் போல இருந்தது. உருவமும் தொழிலும் இவ்வளவு வெளிப்படையாகப் பொருந்துவது புரத உலகில் எப்போதும் கிடைப்பதில்லை. எதிர்ப்பக்கம் வளைந்த பார் பகுதிகளும் உண்டு, அவை செல் வெளியே விரல் போல நீட்டும் இடங்களில் வேலை செய்கின்றன. இவ்வளவு நுணுக்கமே வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் புரதங்களை நெருக்கியடித்து நிறுத்தினாலே அவை ஒன்றையொன்று முட்டித் தள்ளுவதில் சவ்வு வளைந்துவிடும் என்று பிற்பாடு செயற்கைச் சவ்வுகளில் காட்டியிருக்கிறார்கள்.

பை தயாராகிவிட்டாலும் ஒரு மெல்லிய கழுத்து அதைச் சவ்வோடு சேர்த்துக் கட்டியிருக்கும். அங்கே டைனமின் என்ற புரதம் வருகிறது. கழுத்தைச் சுற்றிச் சுருளாக ஏறி, ஏடிபி மாதிரியே இன்னொரு எரிபொருள் மூலக்கூறான ஜிடிபியை உடைத்த ஆற்றலில் இறுக்குகிறது. கழுத்துக்குள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் அடுக்குகள் முதலில் ஒட்டி இணைகின்றன, பிறகு மற்ற அடுக்கு, கடைசியில் பை தனி, சவ்வு தனி. இந்த வரிசையில் நடப்பதால் செல்லில் ஓட்டை விழுவதில்லை. கூடை கட்டத் தொடங்கியதிலிருந்து இதுவரை பெரும்பாலும் ஒரு நிமிடம், கொஞ்சம் முன்பின்.

டைனமின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பழ ஈக்கள் காட்டின. ஒரு வகைத் திரிபு உள்ள ஈக்கள் சாதாரண வெப்பநிலையில் நன்றாகப் பறக்கும், 30 டிகிரி செல்சியஸ் அருகே கொண்டுபோனால் செயலிழந்து விழுந்துவிடும், குளிர்ந்ததும் எழுந்து நடக்கும். அந்தத் திரிபு இருந்தது டைனமின் மரபணுவில் என்று 1991-ல் தெரிந்தது. நரம்பு முனையில் செய்தி அனுப்பிய நுண்பைகளின் சவ்வைத் திரும்ப எடுத்துப் புதுப் பைகள் செய்ய வேண்டும். சூட்டில் டைனமின் வேலை செய்யாததால் பைகள் கழுத்தோடு மாட்டி நின்றுவிட்டன, கையிருப்பு தீர்ந்ததும் நரம்பு ஓய்ந்துவிட்டது. மின் நுண்ணோக்கிப் படங்களில் அப்படி மாட்டிக்கொண்ட பைகள், கழுத்தில் பட்டையோடு, வரிசையாகத் தெரிந்தன.

செல்லுக்குள் சட்டகம் போல நின்று, வளரும்போது சவ்வைத் தள்ளும் ஆக்டின் என்ற புரத இழைகளைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். சவ்வு தளர்வாக இருக்கும் பாலூட்டிச் செல்லில் அவை இல்லாமலும் சமாளிக்கலாம், ஆனால் சவ்வு இறுகியிருந்தால் முடியாது. ஈஸ்ட்டில் உள்ளழுத்தம் மிக அதிகம், சவ்வு செல்சுவரோடு அழுந்திக் கிடக்கும், அங்கே ஆக்டின் தள்ளாவிட்டால் ஒரு பைகூட உள்ளே வராது.

இதுவரை சொன்னதெல்லாம் சவ்வைச் செல்லுக்குள் இழுக்கும் வேலை. வெளியே தள்ளிக் கிள்ளுவது வேறு பிரச்சினை, ஏனென்றால் அங்கே கழுத்தை வெளியிலிருந்து சுற்ற முடியாது, உள்ளிருந்துதான் பிடிக்க வேண்டும். அதற்கு எஸ்கார்ட் என்ற புரதக் குழு. செல் பிரியும்போது கடைசி இழையை அறுப்பதும் அவைதான். எச்ஐவி தனக்கென்று இப்படி ஒரு கருவி வைத்துக்கொள்ளவில்லை, செல்லின் எஸ்கார்ட்டையே வரவழைத்து வெளியேறுகிறது.

வளைந்தே இருக்க வேண்டிய இடங்களுக்கு நிரந்தர ஏற்பாடு. எண்டோபிளாச வலையின் குழாய்களில் ரெட்டிகுலான் புரதங்கள் வெளி அடுக்கில் ஆப்பாக உட்கார்ந்தே இருக்கின்றன. தசை, இரத்தநாளச் செல்களில் கேவியோலா என்ற 50 முதல் 100 நானோமீட்டர் குழிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. செல் இழுபடும்போது அவை தட்டையாகிச் சவ்வு கொடுக்கின்றன, சவ்வு நீளாது என்ற பழைய தொல்லைக்குச் செல் வைத்திருக்கும் சேமிப்பு என்று இதைச் சொல்லலாம். மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்புகளில் இன்னும் விசேஷம். ஏடிபி தயாரிக்கும் நொதியே இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒன்றுக்கொன்று சாய்ந்த கோணத்தில், மடிப்பின் கூரான விளிம்பு நெடுக வரிசையாக நிற்கிறது, அந்தச் சாய்வுதான் விளிம்பை வளைத்து வைக்கிறது. ஈஸ்ட்டில் அவை இரண்டாகச் சேர உதவும் ஒரு துணைப் புரதத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நொதி தனித்தனியாக ஏடிபி செய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் மடிப்புகள் காணாமல் போய், உட்சவ்வு ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய அடுக்குகளாகிவிட்டது.